கார் இல்லாமல், குறைந்த செலவில் மோசல் ஒயின் கிராமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஜெர்மனியில் ட்ரியர் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் நடுவே மோசல் ஆறு பாம்பாக வளைந்து ஓடுகிறது. இரு கரையிலும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். கீழே ஆற்றை ஒட்டி, வீட்டிலேயே ஒயின் தயாரித்து விற்கும் குடும்பங்கள் நிறைந்த சின்னச் சின்ன ஊர்கள். ஜெர்மனியில் படிக்கவோ வேலைக்கோ வந்த தமிழர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எத்தனையோ ஒயின் வட்டாரங்கள் இருக்க, ஏன் மோசல்?

ரயில் ஊருக்குள்ளேயே போய் நிற்பதால்தான். பல நாடுகளில் ஒயினரி என்றால் நெடுஞ்சாலையிலிருந்து விலகி, தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு கட்டடம். டாக்ஸி இல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது. மோசலில் தோட்டம் மலைச் சரிவில், ஒயின் பாதாள அறை ஊருக்குள், தயாரிப்பவரின் வீட்டுக்கு அடியில். ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரே தெருவில் நாலைந்து ஒயினரிகளின் பெயர்ப்பலகைகள் இருக்கும்.

இன்னொரு காரணம் விலை. இங்கே பெரும்பாலும் விளைவது ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை. வீட்டு வாசலில் வாங்கினால் நல்ல பாட்டில் 8 முதல் 12 யூரோவுக்குக் கிடைக்கும்.

எந்த டிக்கெட் எடுப்பது?

மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் பஸ்களிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. பல்கலைக்கழக மாணவர்கள் பலரிடம் இதன் மாணவர் வடிவம் ஏற்கெனவே இருக்கும்.

ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்காக ஒரே ஒரு மாதத்துக்கு எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும்.

ஒருநாள் பயணம், கூடவே மூன்று நான்கு பேர் என்றால் ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் மாநில நாள் டிக்கெட்டே மலிவு. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் சிறு தொகைதான் ஏறும். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்னால் செல்லாது, சனி ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ரயில் எல்லா ஊருக்கும் போகுமா?

போகாது. திட்டம் போடும்போது பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் வரைபடத்தை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

கோப்லென்ஸிலிருந்து புறப்பட்டால் புலாய் வரை ரயில் பாதை ஆற்றை ஒட்டியே வரும். வின்னிங்கன், கோபெர்ன்-கோண்டோர்ஃப், ஹாட்சன்போர்ட், பொம்மெர்ன், கோகெம் எல்லாம் இந்தப் பாதையில்தான். கோகெம் தாண்டியதும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுரங்கம். ஆறு சுற்றிக்கொண்டு வரும் பெரிய வளைவை ரயில் மலைக்குள் புகுந்து குறுக்கே கடந்து எடிகர்-எல்லரில் வெளியே வருகிறது. அதற்குப் பிறகு நேஃப், புலாய்.

புலாய்க்கு அப்பால் பாதை ஆற்றை விட்டு விலகி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். ட்ரியரை நெருங்கும்போதுதான் மறுபடி ஆற்றங்கரைக்கு வரும். நடுவில் இருக்கும் பெர்ன்காஸ்டல், பீஸ்போர்ட், வேலன், யூர்ட்ஸிக் போன்ற பேர்போன ஊர்களுக்கு ரயிலே கிடையாது. யூர்ட்ஸிக் என்ற பெயரில் ஒரு நிலையம் இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மலைக்குக் கீழே இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புலாயிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக் வரை ஒரு கிளைப்பாதை இருக்கிறது. மணிக்கு ஒரு ரயில், சுமார் 20 நிமிடப் பயணம். நடு மோசலுக்குள் ரயிலில் நுழைய இது ஒன்றே வழி.

ரயில்களிலும் இரண்டு வகை. கோப்லென்ஸ்–ட்ரியர் விரைவு வண்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும், ஆனால் வின்னிங்கன், எடிகர்-எல்லர், நேஃப் போன்ற சிறிய நிலையங்களில் நிற்காது. ஆர்பி என்று தொடங்கும் வண்டிதான் அங்கெல்லாம் நிற்கும். இன்னொன்று, கோப்லென்ஸிலிருந்து வரும் விரைவு வண்டி ட்ரியரில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லக்சம்பர்க்குக்கும் மறு பாதி சார்ப்ருக்கன் பக்கமும் போகும். ட்ரியரைத் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

முதல் முறை போகிறோம். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாளுக்கு ஒரே ஊர், மிஞ்சினால் இரண்டு. மூன்று ஊர் என்று போட்டால் பாதி நாள் நிலையத்தில் நின்றே கழியும்.

கோலோன், ஃப்ராங்ஃபர்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வின்னிங்கன் வசதி. கோப்லென்ஸிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு அடுத்தாற்போல் ஊலன் என்ற தோட்டம். கல்சுவர் கட்டிப் படிப்படியாக எழுப்பிய சரிவு அது. அதன் ஓரமாக நடக்கப் பாதையும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் பெருமையாகப் பேசும் ஒயின் இங்கே விளைவதுதான்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு எடிகர்-எல்லர். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கல்மோன்ட் மலை தொடங்குகிறது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது, சாய்வு சில இடங்களில் 65 டிகிரி வரை போகும். இரும்பு ஏணியும் கம்பிக் கயிறும் பிடித்துக்கொண்டு ப்ரெம் வரை போகும் பாதைக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலுக்குக் கீழே கிடப்பது தட்டுத் தட்டாக உடைந்த பலகைக்கல், மழை பெய்தால் வழுக்கும். முதலில் மலை, பிறகு ஒயின். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

ட்ரியரில் தங்கியிருப்பவர்களுக்கு ரயிலே வேண்டாம். நகர மையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் ஓலெவிக். நகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கும் ஒயின் கிராமம் அது. வழியில் ரோமானியர் கட்டிய வட்டரங்கம், அதன் பின்னால் தோட்டங்களுக்கு ஊடே விளக்கப் பலகைகள் வைத்த நடைபாதை. கையில் காசு குறைவாக, நேரமும் குறைவாக இருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

கோகெம் கோட்டையைப் பார்க்கப் போகலாம், ஒயினுக்காகப் போக வேண்டியதில்லை. கோடையில் சுற்றுலாப் படகுகள் வந்து நிற்கும் ஊர் அது. பக்கத்து ஊரில் அதே காசுக்கு இதைவிட நல்ல கோப்பை கிடைக்கும்.

பெர்ன்காஸ்டலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால்?

இரண்டு வழிகள். விட்லிஷ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் அரை மணி நேரம். அல்லது கிளை ரயிலில் ட்ராபன்-ட்ரார்பாக் வந்து, அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகலாம். இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு பெரிய வளைவு போடுவதால் கரையோரமாகப் போனால் 20 கிலோமீட்டருக்கு மேல். மலை ஏறிக் குறுக்கே நடந்தால் 7 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் கடுமை, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

படகும் உண்டு, கோடைக்காலத்தில் மட்டும். அழகான பயணம், ஆனால் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லாது.

ஒயினரிக்குள் எப்படி நுழைவது? கதவைத் தட்டினால் போதுமா?

பாட்டில் வாங்க மட்டும் என்றால் மணியை அடிக்கலாம். வேலை நாளில் காலை 10 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 வரை நல்ல நேரம். மதியம் அவர்கள் சாப்பிடும் நேரம். ஞாயிறன்று பல வீடுகள் மூடியிருக்கும், திறந்திருந்தாலும் சில மணி நேரம்தான்.

உட்கார்ந்து ஐந்தாறு ஒயின்களைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே வரவேற்பாளர் என்று தனியாக ஆள் கிடையாது. உங்களுக்கு ஊற்றித் தருபவரேதான் காலையில் டிராக்டர் ஓட்டியவர், மாலையில் மருந்தடிக்கப் போகிறவர். மூன்று நான்கு நாள் முன்னால் மின்னஞ்சல் அனுப்பினால் போதும், எளிய ஆங்கிலத்தில் எழுதலாம். அதில் இருக்க வேண்டியவை: தேதி, எத்தனை பேர், நீங்கள் வந்து இறங்கும் ரயிலின் நேரம், நீங்கள் திரும்ப வேண்டிய ரயிலின் நேரம், இனிப்பு பிடிக்குமா பிடிக்காதா. திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே அதற்கேற்ப வேகமாக ஊற்றுவார்கள். சொல்லாவிட்டால் பேச்சு நீளும், நாலாவது ஒயினிலேயே எழுந்து ஓட வேண்டி வரும்.

ஆறு பேருக்கு மேல் போகிற குழு சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. பல வீடுகளில் மேசையே எட்டுப் பேருக்குத்தான்.

சுவைக்கும்போது என்ன நடக்கும்? வாங்கியே ஆக வேண்டுமா?

ஒவ்வொரு ஒயினிலும் 50 மில்லி அளவில் ஊற்றுவார்கள். இனிப்பற்றதில் தொடங்கி இனிப்பில் முடியும், வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள். இனிப்பைக் குடித்துவிட்டு இனிப்பற்றதைக் குடித்தால் வெறும் புளிப்புதான் நாக்கில் நிற்கும். கோப்பையைத் தண்டில் பிடியுங்கள், கை சூடு பட்டால் மணம் மாறும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

மேசையில் ஒரு ஜாடி இருக்கும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம், கோப்பையில் மிஞ்சியதையும் ஊற்றலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு ஒயின், தலா 50 மில்லி, மொத்தம் 300 மில்லி. ஒரே நாளில் இரண்டு இடம் என்றால் 600 மில்லி, கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில். மூன்றாவது இடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஒரு நாளுக்கு இரண்டு போதும் என்கிறோம்.

கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு 10 முதல் 20 யூரோ. குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் வீடுகள் பல, ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். கட்டணம் கொடுத்துவிட்டால் வாங்கும் கடமை இல்லை. கட்டணமே வாங்காமல் உட்கார வைத்து ஊற்றிய வீட்டில் இரண்டு மூன்று பாட்டிலாவது எடுப்பதுதான் முறை. நோட்டாகப் பணம் வைத்திருங்கள். அட்டை எடுக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

முன்பதிவு, மின்னஞ்சல் எதுவும் வேண்டாம், போனோமா குடித்தோமா என்று ஓர் இடம் இருக்கிறதா?

ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், வாசலில் பூங்கொத்தோ இலைக்கொத்தோ தொங்கினால் அதுதான். ஒயின் தயாரிப்பவர் தன் முற்றத்திலோ கொட்டகையிலோ பெஞ்சு போட்டு, தன் சொந்த ஒயினையும் எளிய சாப்பாட்டையும் விற்கலாம், உணவக உரிமம் தேவையில்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் சில எல்லைகளைப் போடுகிறது: வருடத்தில் மொத்தம் நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது. பீர் கிடைக்காது.

குறைந்த செலவில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 200 மில்லி கோப்பை 3 முதல் 5 யூரோ. கோப்பையின் கண்ணாடியில் மெல்லிய கோடு ஒன்றும் பக்கத்தில் 0,2 என்ற எண்ணும் பொறித்திருக்கும். ஒயின் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், தொடாவிட்டால் தாராளமாகக் கேட்கலாம். 100 மில்லி கோப்பையும் கேட்டால் கிடைக்கும். நாலு பேராகப் போனால் ஆளுக்கு ஒரு வகை சொல்லி மாற்றி மாற்றிச் சுவையுங்கள், தனியாகச் சுவைக்கும் கட்டணம் மிச்சம்.

நான்கு மாத வரம்பு இருப்பதால் ஒரு வீடு மே மாதம் திறந்து ஜூனில் மூடி, மறுபடி செப்டம்பரில் திறக்கும். அடுத்த வீட்டின் கணக்கு வேறு. திங்கள், செவ்வாய் பல இடங்களில் விடுமுறை, சில வீடுகள் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பிப் போனால் பூட்டிய கதவுதான் வரவேற்கும். அந்த வீட்டின் இணையதளத்தில் இந்த வருடத் தேதிகளைப் பாருங்கள், அல்லது ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் இன்று யார் திறந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

லேபிளில் என்ன பார்ப்பது?

ட்ரோக்கன் என்றால் இனிப்பற்றது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. ஹால்ப்ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை. ஃபைன்ஹெர்ப் என்பதற்குச் சட்டத்தில் அளவு இல்லை, லேசான இனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். காபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்பவை பறித்தபோது பழத்தில் இருந்த சர்க்கரையைக் குறிப்பவை, பாட்டிலில் இருக்கும் இனிப்பை அல்ல. ஷ்பேட்லேஸ ட்ரோக்கன் என்றும் ஒரு பாட்டில் உண்டு, அது இனிக்காது.

இனிப்பான காபினெட்டில் ஆல்கஹால் 8 சதவீதம் அளவிலேயே இருக்கும். நொதிக்கும்போது பாதியில் நிறுத்திவிடுவதால் சர்க்கரை மிஞ்சுகிறது, ஆல்கஹால் குறைகிறது. ரீஸ்லிங்கின் புளிப்பு அந்த இனிப்பைத் திகட்ட விடாது. ஒயினே பழக்கமில்லாதவர்கள் இதில் தொடங்கலாம். காரமான சாப்பாட்டுக்கும் இதுதான் ஒத்துவரும். செட்டிநாட்டுக் குழம்போடு இனிப்பற்ற சிவப்பு ஒயின் குடித்து முகம் சுளித்தவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்தப் பாட்டிலைத்தான்.

சைவம். என்ன சாப்பிடலாம்?

கவனம் தேவை. ஒயின்காரர் தட்டு என்று வருவது பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகளும் தொத்திறைச்சியும். ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியில் வெங்காயத்தோடு பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும். "ஓன ஷ்பெக்" என்று சொன்னால் அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள். வெங்காயப் பணியாரம்போல் தெரியும் ட்ஸ்வீபல்குகனில் அந்தக் கொழுப்பை வெங்காயத்தோடு கலந்து சுட்டிருப்பார்கள், எடுத்துப்போட முடியாது. பாலாடைக்கட்டித் தட்டு, மூலிகைத் தயிரோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு அடை இவையெல்லாம் நம்பிக் கேட்கலாம், ஆனாலும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஊர்களில் கடையே இருக்காது, இருந்தாலும் ஞாயிறன்று மூடியிருக்கும். தண்ணீரும் ரொட்டியும் கையோடு கொண்டுபோங்கள். வெறும் வயிற்றில் சுவைக்க உட்காராதீர்கள். கட்டுச்சோறு கொண்டுபோனால் ஆற்றங்கரை பெஞ்சில் சாப்பிடுங்கள், ஒயின்காரரின் மேசையில் பிரிக்காதீர்கள்.

சைக்கிள் எடுப்பது நல்லதா?

மிக நல்லது. ஆற்றோர சைக்கிள் பாதை பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பெர்லிலிருந்து கோப்லென்ஸ் வரை ஏறக்குறைய சமதளமாகவே போகிறது. கோகெம், ட்ராபன்-ட்ரார்பாக், பெர்ன்காஸ்டல் ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். சாதாரண சைக்கிள் நாளுக்கு 15 யூரோ அளவில், மின்சார சைக்கிள் அதைப்போல் இரு மடங்கு. பாதை சமதளம் என்பதால் மின்சாரம் அவசியமில்லை.

சொந்த சைக்கிள் இருந்தால் இந்த மாநில வட்டார ரயில்களில் வார நாட்களில் 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு முழு நாளும் இலவசமாக ஏற்றலாம். இடம் இருந்தால் என்பதுதான் நிபந்தனை. வெயில் அடிக்கும் ஞாயிறு காலையில் இடம் இருக்காது. ஆற்றோர பஸ்களில் சில ஏப்ரல் முதல் அக்டோபர் இறுதி வரை சைக்கிள்களை ஏற்றும் இழுவை வண்டியோடு ஓடும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாதைப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடும் நாட்களும் உண்டு. அந்த பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். முந்தைய நாள் இரவு ஜெர்மன் ரயில்வேயின் டிபி செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டலாமா?

கார் இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 1.6 இருந்தால் சைக்கிள் ஓட்டுவது குற்றம். தள்ளாடினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லேயே வழக்கு வரும். ஓட்டுநர் உரிமத்துக்கும் அது சிக்கல். வாடகை மின் ஸ்கூட்டர்களுக்குக் காருக்குரிய 0.5 வரம்புதான், 21 வயதுக்குக் கீழ் என்றால் துளியும் கூடாது. காலையில் ஓட்டி, மாலை கடைசி ஊரில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு உட்காருவதுபோல் திட்டமிடுங்கள்.

எந்த மாதம் போவது?

மே, ஜூன், செப்டம்பர் தொடக்கம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பாதி ஊர் மூடியிருக்கும். விதிவிலக்கு, ட்ராபன்-ட்ரார்பாக்கின் பழைய பாதாள அறைகளில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை. மழை, குளிரிலும் போகலாம், எல்லாமே தரைக்கு அடியில்தான்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய அறுவடை. ஊர் களைகட்டியிருக்கும், ஆனால் யாருக்கும் உங்களோடு உட்கார நேரம் இருக்காது. தோட்டப் பாதைகள் சிலவற்றை அப்போது மூடிவிடுவார்கள். கொடியிலிருந்து ஒரு கொத்தைக்கூடப் பறிக்காதீர்கள், அது திருட்டுதான்.

அந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பது ஃபெடர்வைசர், நொதித்துக்கொண்டிருக்கும்போதே விற்கும் புது ஒயின். மங்கலாக, இனிப்பாக, நுரையோடு இருக்கும், விலை மலிவு. மூடியை இறுக்க மாட்டார்கள், ஏனென்றால் உள்ளே வாயு வந்துகொண்டே இருக்கும். பையில் படுக்க வைத்தால் ரயில் பெட்டி முழுக்க ஒழுகும். மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து, குளிர்பெட்டியிலும் நிமிர்த்தியே வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். இனிக்கிறதே என்று ஜூஸ்போல் குடிக்காதீர்கள். நாளாக ஆக ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும்.

இரவு தங்க வேண்டுமா?

கடைசி பஸ் பல ஊர்களிலிருந்து மாலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடும். ரயில் நிற்கும் ஊர் என்றால் இரவு வரை தாக்குப்பிடிக்கலாம், அதனால்தான் ரயில் ஊர்களை முன்னால் வைத்தோம். தங்குவதானால் ஒயின் வீடுகளே அறை வாடகைக்கு விடுகின்றன, காலை உணவோடு. வார இறுதியில் ஒரே ஓர் இரவுக்குத் தர மறுப்பார்கள் அல்லது கூடுதலாகக் கேட்பார்கள். வார நாளில் கேட்டுப் பாருங்கள். கோகெம், ட்ராபன்-ட்ரார்பாக், பெர்ன்காஸ்டல், ட்ரியர், கோப்லென்ஸ் ஊர்களில் இளைஞர் விடுதிகள் உண்டு, உறுப்பினர் அட்டை வேண்டும். ஆற்றங்கரையில் கூடாரம் போடும் இடங்களும் நிறைய.

ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்: ஒரு ஒயினரியில் சுவைக்க 12, மாலையில் முற்றத்தில் இரண்டு கோப்பைக்கு 8, ஃப்ளாம்குகன் 10, ஒரு பாட்டில் 9. நாற்பது யூரோவுக்குள் ஒரு முழு நாள். கோப்பையை ஒன்றாகக் குறைத்து, ரொட்டியைக் கையோடு கொண்டுபோனால் 25-இல் முடிக்கலாம்.

குழந்தைகளோடும், குடிக்காதவர்களோடும் போகலாமா?

தாராளமாக. முற்றத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவது அங்கே சாதாரணம். அதே திராட்சையில் பிழிந்த சாறு பல வீடுகளில் உண்டு, ட்ராவ்பன்ஸாஃப்ட் என்று கேளுங்கள். மோசல்கெர்னில் இறங்கி எல்ட்ஸ் கோட்டைக்குக் காட்டு வழியாக நடப்பது எல்லோருக்கும் பிடிக்கும், ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சிறிய நிலையங்களில் கழிப்பறை கிடையாது, ரயிலில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் லக்சம்பர்க் இருக்கிறதே, அங்கும் போகலாமா?

போகலாம், அங்கே இன்னும் மலிவு. அந்த நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் ரயில், பஸ், ட்ராம் எல்லாமே இலவசம், ரயிலின் முதல் வகுப்பு மட்டும் விலக்கு. ட்ரியரிலிருந்து பெர்ல் பக்கம் போகும் ரயிலில் வெல்லனில் இறங்கிப் பாலத்தை நடந்து கடந்தால் கிரேவன்மாக்கர். நுரை ஒயின் தயாரிக்கும் பெர்னார்ட்-மாஸார் நிறுவனத்தின் பாதாள அறைகள் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து ஆற்றோர ஊர்களுக்குக் கட்டணமில்லா பஸ். ட்ரியருக்குத் திரும்பும் முன், பெர்ல் பக்கம் வெல்லனுக்கு அடுத்த நிலையமான நிட்டலில் இறங்கி எல்ப்ளிங் என்ற வெள்ளை ஒயினைக் குடித்துப் பாருங்கள். இங்கே மண் பலகைக்கல் இல்லை, சுண்ணாம்புக்கல். ஒயின் மெலிந்து, சுரீரென்று புளிக்கும். வெயில் நாளுக்கு அருமை. விலையும் ரீஸ்லிங்கைவிடக் குறைவு.

பாட்டில்களை எப்படி எடுத்து வருவது?

ஒரு பாட்டில் கண்ணாடியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ. ஆறு பாட்டில் என்றால் ஏழரை கிலோ, முதுகுப் பையின் எல்லை அதுதான். அட்டைப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவது வேதனை, மழையில் அடிப்பாகம் பிய்ந்துவிடும். ஆறுக்கு மேல் வேண்டுமானால் ஒயினரியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். 6, 12, 18 பாட்டில் பெட்டிகளாகக் கட்டி ஜெர்மன் முகவரிக்கு அனுப்புவார்கள். நண்பர்கள் சேர்ந்து 18 எடுத்தால் அனுப்பும் செலவு பாட்டிலுக்குச் சில்லறைதான். பெட்டி வந்து சேரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், வயதைக் கேட்பார்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோவதானால் கைப்பையில் முடியாது, பெரிய பெட்டியில்தான். ஒவ்வொரு பாட்டிலையும் ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் சக்கரத்துப் பக்கம் அடி வாங்கி உடையும். சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு போக அரை லிட்டர் மிச்சம் இருக்கும், அதற்கு இனிப்பு ஒயின்களை அடைக்கும் 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்று சரியாகப் பொருந்தும்.